பெஞ்சை விட்டு எழுந்தவர்கள்

1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ஆம் தேதியன்று, அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த ஒரு பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே சென்று விளையாட வழியின்றிச் சலித்துப் போயிருந்த தம் மாணாக்கர் 18 பேரைக் கட்சிக்கு 9 பேராகப் பிரித்து நிறுத்தி, உடற்பயிற்சிக் கூடத்து மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டிய பீச் பழக் கூடைகளில் பந்தை எறியும்படி ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற இளம் ஆசிரியர் சொன்ன அந்த முதல் ஆட்டத்தில், பிற்காலத்தில் கூடைப்பந்து நடுவர்களுக்குப் பெருந்தலைவலியாக வந்து வாய்த்த ஒரு பொருள் அடியோடு இல்லை. அதுதான் மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சு. வகுப்பிலிருந்த 18 பேரும் களத்திலேயே நின்றார்கள். தன் முறைக்காக ஓரத்தில் காத்திருந்து, உள்ளே நடப்பதைக் கண்டு கொதித்து, துள்ளி எழுந்து ஓடிவரத்தக்கவன் என்று அன்று ஒருவனும் மிச்சமில்லை. வில்லியம் சேஸ் என்ற மாணவர் ஏறத்தாழ 25 அடி தூரத்திலிருந்து எறிந்த பந்து ஒன்று கூடைக்குள் விழ, 1–0 என்ற கணக்கில் அந்த ஆட்டம் முடிந்தது.

நெய்ஸ்மித் எழுதி, 1892 ஜனவரியில் அப்பள்ளியின் பத்திரிகையில் பிரசுரித்த 13 விதிகளில், ஆட்களைக் கவனிக்க ஒருவரும் பந்தைக் கவனிக்க மற்றொருவருமாக இரண்டு நடுவர்கள் நியமிக்கப்பட்டிருந்தார்கள். இடித்தல், பிடித்தல், தள்ளுதல் முதலிய குற்றங்களை இரண்டாம் முறை செய்தவன் அடுத்த கோல் விழும் வரையில் வெளியே நிற்க வேண்டும். காயப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் வெளிப்படையாகத் தெரிந்ததானால் ஆட்டம் முடியும்வரை வெளியே நிற்க வேண்டும். அவனுக்குப் பதிலாக வேறொருவன் வரவும் கூடாது. குற்றம் செய்தவனுடைய உள்ளத்தின் நோக்கத்தை நடுவர் அறிந்து தீர்ப்புச் சொல்ல முடியும் என்ற நம்பிக்கை அந்த விதிக்குள் அடங்கியிருப்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அந்த நம்பிக்கை நூறு ஆண்டுக் காலத்தில் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் கைவிடப்பட்ட வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் புகுகிறேன்.

வெளியே இருக்க வேண்டியவர் உள்ளே வரும் தொல்லை ஆட்டக்காரரிடமிருந்து தொடங்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களிடமிருந்து தொடங்கிற்று. மாடியில் நின்ற ரசிகர்கள் கையை நீட்டித் தமக்கு வேண்டாத கட்சியின் பந்தைத் தட்டிவிடுவதும், வேண்டிய கட்சியின் பந்தைக் கூடைக்குள் தள்ளிவிடுவதுமாக இருந்தபடியால், கூடைக்குப் பின்னால் தடுப்புப் பலகை கட்ட நேர்ந்தது. இன்று பந்தைப் பட்டுத் தெறிக்கச் செய்து கூடையில் வீழ்த்த உதவும் அந்தப் பலகை, ஆதியில் அயலார் கையைத் தடுப்பதற்காக எழுந்த சுவரே. எல்லைக்கு வெளியே போன பந்தை முதலில் தொட்டவனுக்கே அது சொந்தம் என்ற பழைய விதியின் காரணமாக ஆட்டக்காரர்கள் ஜனங்களுக்கிடையே பாய்ந்து புரண்டபோது, 1896-இல் டிரென்டன் நகரத்தார் ஆடுகளத்தைச் சுற்றிக் கூண்டே கட்டிவிட்டார்கள். தொழில்முறை ஆட்டங்களில் அந்தக் கூண்டு வெகுகாலம் நிலைத்திருந்தது.

பெஞ்சு என்பது மெல்ல மெல்லத்தான் ஜனம் நிறைந்த ஸ்தலமாயிற்று. 1897-க்குள் கட்சிக்கு 5 பேர் என்ற கணக்கு உறுதிப்பட்டது. ஆனால் வெளியே வந்தவன் வந்தவனே என்றிருந்த வரையில், மாற்று ஆட்களை மூட்டை கட்டிக்கொண்டு வருவதில் பயனொன்றுமில்லை. 1920-21-இல் ஒருமுறை திரும்பி வரலாம் என்றும், 1933-34-இல் இருமுறை வரலாம் என்றும் கல்லூரி ஆட்ட விதிகள் இளகி, 1944-45-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், வரலாம் என்றாயின. பயிற்சியாளரின் கதையும் இத்தகையதே. ஆட்டம் நடக்கையில் ஓரத்திலிருந்து யோசனை சொல்லக்கூடாது என்று 1910-11-இல் ஒரு விதி வகுத்து, மீறினால் முதலில் எச்சரிக்கை, பிறகு எதிர்க்கட்சிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ என்று தண்டித்து வந்தவர்கள், டைம் அவுட்டின்போதேனும் அவர் தம் பிள்ளைகளுடன் வாய்திறந்து பேசலாம் என்று அனுமதிப்பதற்கு 1948-49 வரை ஆயிற்று. நாற்பதாண்டு ஊமையாக உட்கார்ந்திருந்த மனிதர் ஒருவரும், இன்னும் சிறிது நேரத்தில் உள்ளே போவோம் என்ற துடிப்போடு காத்திருக்கும் ஏழெட்டு வாலிபர்களும் ஒரே வரிசையில் சேர்ந்து, அந்த வரிசைக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே தரையில் தீட்டிய ஒரு வர்ணக்கோடு மாத்திரமே தடுப்பாக நின்ற நிலை இவ்வாறு ஏற்பட்டது.

நம்முடைய சென்னைக்கு இவ்வாட்டம் பரவியதும் அதே ஸ்பிரிங்ஃபீல்டின் தொடர்பால்தான் என்பதை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு மேலே போகலாம். அந்தப் பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கி, உடற்பயிற்சி ஆசிரியர்களைப் பயிற்றுவித்துத் தேசமெங்கும் அனுப்பியவர்.

பெஞ்சிலிருந்து எழுந்தவர்களால் என்னென்ன விபரீதம் விளையக்கூடும் என்பதை உலகுக்குக் காட்டிய ஆண்டு 1972. அவ்வாண்டு ஜனவரி 25-ஆம் தேதி மின்னியாபொலிஸ் நகரத்தில் மின்னிஸோட்டா, ஒஹையோ ஸ்டேட் என்னும் இரு பல்கலைக்கழக அணிகள் மோதிய ஆட்டத்தில், 36 வினாடிகளே எஞ்சியிருக்க, ஒஹையோ அணி 50–44 என்று முன்னணியில் இருந்த தறுவாயில், அவ்வணியின் நெடிய ஆட்டக்காரரான லூக் விட்டி கீழே தள்ளப்பட்டார். விழுந்தவரைத் தூக்கிவிடுகிறவர் போல் கைகொடுத்த கார்க்கி டெய்லர் என்ற மின்னிஸோட்டா ஆட்டக்காரர், அவர் பாதி எழுந்த நிலையில் முழங்காலால் இடித்தார். அது களத்துக்குள் இருந்தவர் செய்தது. அதற்கு மேல் நடந்ததுதான் நம்முடைய விஷயம். ஐந்து ஃபௌல் செய்து ஆட்டத்திலிருந்து நீங்கிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரான் பெஹேகன் எழுந்து ஓடிவந்து, தரையில் கிடந்த விட்டியின் கழுத்தின்மேல் காலால் மிதித்தார். சட்டப்படி அந்த ஆட்டத்தோடு யாதொரு சம்பந்தமும் அற்றுப்போனவர் அவர். அவருக்கு இன்னொரு ஃபௌல் எழுதுவதில் அர்த்தமில்லை. ஆட்டத்தை விட்டு வெளியேற்றவும் முடியாது, முன்பே வெளியேறியவர் அல்லவா? அரங்கத்து ஜனங்களும் உள்ளே புகுந்துவிட, மிச்சமிருந்த 36 வினாடிகள் ஆடப்படவே இல்லை. டெய்லரும் பெஹேகனும் அந்தப் பருவம் முழுமைக்கும் விலக்கி வைக்கப்பட்டார்கள். நடுவரின் கையிலிருந்த ஆயுதங்கள் யாவும் களத்தில் ஆடுகிறவனுக்காகச் செய்யப்பட்டவை என்பதும், பெஞ்சிலிருந்து வருகிறவனை அவை தொடக்கூட மாட்டா என்பதும் அன்று வெட்டவெளிச்சமாயின.

அதே ஆண்டு செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் நடந்ததோ வேறு வகை. அங்கே அடிதடி இல்லை. அத்துமீறி எழுந்து வந்தது மட்டுமே உண்டு. ஆயினும் அதன் பலன் இன்றளவும் தீராத வழக்காக நிற்கிறது. நள்ளிரவை ஒட்டித் தொடங்கிய அந்த ஆட்டத்தில் 3 வினாடி எஞ்சியிருந்தபோது, பலமாக வீழ்த்தப்பட்ட டக் காலின்ஸ் தள்ளாடி எழுந்து வந்து இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் கூடையிலிட்டு, அமெரிக்காவை 50–49 என்று முதன்முறையாக முன்னே கொண்டுவந்தார். இரண்டாவது எறிக்கு அவர் ஆயத்தமாகிக்கொண்டிருந்த க்ஷணத்தில் மேசையிலிருந்து ஊதல் ஒலித்தது; எறி முடிந்ததும் சோவியத் அணியினர் பந்தை உள்ளே எறிந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள்; அதற்குள் அவர்களுடைய துணைப் பயிற்சியாளர், தாங்கள் டைம் அவுட் கேட்டிருந்ததாகச் சொல்லிக்கொண்டு பெஞ்சை விட்டுப் பாய்ந்து மேசையை நோக்கி ஓடினார். ஓரத்தில் எழுந்த அமளியைக் கண்ட பிரேசில் நாட்டு நடுவர் ரெனாட்டோ ரிகெட்டோ ஆட்டத்தை நிறுத்தியபோது கடிகாரத்தில் 1 வினாடி இருந்தது.

நடுவர்களின் தீர்மானம் அந்த ஒரு வினாடியை மாத்திரம் ஆடுவது என்பதாகவே இருந்தது. ஆனால் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ், அந்த ஆட்டத்தில் தமக்கு எவ்வித அதிகாரமும் இல்லாதிருந்தும், ரசிகர் வரிசையிலிருந்து இறங்கி வந்து மூன்று விரல்களைக் காட்டி, 3 வினாடிகளைத் திரும்ப வைக்கச் சொன்னார். கடிகாரம் சரியாகத் திருப்பப்படுவதற்குள் ஆட்டம் தொடங்கப்பட்டு, ஊதல் ஒலித்து, வென்றுவிட்டோம் என்று அமெரிக்க வாலிபர்கள் குதித்துக் கூத்தாடிக்கொண்டிருக்கையில், மூன்றாம் முறையாக 3 வினாடி கொடுக்கப்பட்டது. இவான் எதெஷ்கோ ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வீசிய பந்தைப் பிடித்து அலெக்ஸாந்தர் பெலோவ் கூடையிலிட, 51–50 என்று சோவியத் அணி வென்றது. ரிகெட்டோ ஆட்டப் பதிவுத் தாளில் கையெழுத்திட மறுத்தார்; மேல்முறையீட்டுக் குழு 3–2 என்ற வாக்கில் அமெரிக்காவின் ஆட்சேபத்தைத் தள்ளிற்று; அமெரிக்கர்கள் வெள்ளிப் பதக்கத்தை இன்றுவரை வாங்கிக்கொள்ளவில்லை. அந்தச் சந்தடியில் அமெரிக்கப் பயிற்சியாளரான முதியவர் ஹாங்க் ஐபாவின் பணப்பையும் களவு போயிற்று என்று சொல்வார்கள்.

வினாடிக் கணக்கைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். என் அபிப்பிராயத்தில் மூலக் குற்றம் அதற்கு முந்தியது. அனுமதியின்றிப் பெஞ்சை விட்டு எழுந்து வந்ததற்காக ஒரு டெக்னிகல் ஃபௌல் அந்த நிமிஷத்திலேயே விதிக்கப்பட்டிருந்தால், டைம் அவுட் கேட்டார்களா, கேட்கவில்லையா என்ற விசாரணைக்கே இடமிராது. எழுந்து வந்தவர் என்ன நியாயம் கொண்டு வந்தார் என்று கேட்கத் தொடங்கியதுமே, நடுவர் தம் ஸ்தானத்தை இழந்து விசாரணைக் கைதியாகிவிட்டார்.

அமெரிக்கத் தொழில்முறைச் சங்கமாகிய என்.பி.ஏ. நெடுங்காலம் இரண்டு நடுவர்களைக் கொண்டே ஆட்டங்களை நடத்திவந்தது. 1977 டிசம்பர் 9-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸ் ஆட்டக்காரர் கெர்மிட் வாஷிங்டன் விட்ட ஒரு குத்தில், சண்டையை விலக்கும் பொருட்டு ஓடிவந்த ஹியூஸ்டன் ஆட்டக்காரர் ரூடி டொம்யானோவிச்சின் முகத்தெலும்புகள் நொறுங்கிப்போயின. டொம்யானோவிச் பெஞ்சிலிருந்து வந்தவரல்லர், களத்தில் ஆடிக்கொண்டிருந்தவரே. ஆயினும் சண்டை நடக்கும் இடத்துக்கு ஓடிவருகிற எவனையும், அவன் அடிக்க வருகிறானா, விலக்க வருகிறானா என்று பகுத்தறிய எதிரே நிற்பவனுக்கு அவகாசமில்லை என்ற கொடிய பாடத்தை அந்த இரவு கற்பித்தது. அடுத்த பருவத்தில் மூன்றாம் நடுவர் ஒருவரைச் சேர்த்துப் பார்த்து, ஓராண்டில் கைவிட்டு, 1988-89-இலிருந்து நிரந்தரமாக மூவர் என்று ஏற்பாடு செய்தார்கள்.

மூவரானாலும் ஆறு கண்கள்தாமே! 1993 மார்ச் 23-ஆம் தேதி ஃபீனிக்ஸ் நகரில் நியூயார்க் நிக்ஸ் அணிக்கும் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டத்தின் முதற்பாதி முடிகிற சமயத்தில் இரண்டு பேருக்குள் மூண்ட கைகலப்பு, இரு பெஞ்சுகளும் காலியானதும் பெருங்கலகமாயிற்று. கணுக்காலில் அடிபட்டு ஆடாமலிருந்து, சாதாரண உடையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நிக்ஸ் ஆட்டக்காரர் கிரெக் ஆண்டனி, பளிச்சென்ற சட்டையோடு கூட்டத்துக்குள் புகுந்து கெவின் ஜான்ஸனைக் குத்தினார். விலக்கப் போன பயிற்சியாளர் பாட் ரைலியின் விலையுயர்ந்த கால்சட்டை முழங்காலில் கிழிந்ததுதான் மிச்சம். ஆண்டனிக்கு 5 ஆட்டங்கள் தடை. இரு அணிகளுக்குமாக விதிக்கப்பட்ட அபராதத்தின் மொத்தம் 1,60,500 டாலர். மறு ஆண்டு மே மாதம் சிகாகோவில் நிக்ஸ் அணிக்கும் புல்ஸ் அணிக்கும் நேர்ந்த கைகலப்பு ரசிகர் வரிசைக்குள்ளேயே உருண்டு சென்றபோது, சங்கத்தின் கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் அதற்கு அருகிலேயே உட்கார்ந்திருந்தார். பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்வதற்கும் மடியில் வந்து விழுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

இக்கலகங்களின் பின் வந்த விதி இரண்டே வாக்கியத்தில் அடங்கியது. கைகலப்பு நேரும்போது, ஆட்டத்தில் பங்கேற்காத ஆட்டக்காரர் அனைவரும் தங்கள் பெஞ்சின் அண்மையிலேயே இருக்க வேண்டும். மீறியவருக்குக் குறைந்தபட்சம் ஓர் ஆட்டத் தடையும் சம்பள இழப்பும் அபராதமும் உண்டு. எதற்காக எழுந்தாய், எத்தனை அடி வைத்தாய், யாரைத் தொட்டாய் என்ற கேள்வி ஒன்றும் அதில் இல்லை. உள்ளத்தை அறிந்து தண்டிப்பது என்ற நெய்ஸ்மித்தின் சம்பிரதாயம் இதனோடு முற்றுப்பெற்று, பாதம் நின்ற இடத்தை அறிந்து தண்டிப்பது என்ற புதிய நியாயம் அரியணை ஏறிற்று.

அதன் முதற்பெரும் பலி 1997-இல் விழுந்தது. மே 14-ஆம் தேதி, மயாமி அணியுடனான தொடரில் மயாமியில் நடந்த ஐந்தாவது ஆட்டத்துக்கு வரும்போது, நிக்ஸ் அணி அத்தொடரில் 3–1 என்று முன்னணியில் இருந்தது. இன்னும் ஒரு வெற்றி போதும். ஆட்டம் தோல்வியில் முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லாத நேரத்தில், ஃப்ரீ த்ரோவுக்குப் பிறகு இடம்பிடிக்கும் போராட்டத்தில் தம் கால்களருகே முட்டிய சார்லி வார்டை மயாமி ஆட்டக்காரர் பி.ஜே. பிரௌன் அப்படியே தூக்கித் தலைகீழாகப் புரட்டி எறிந்தார். நிக்ஸ் பெஞ்சிலிருந்து பாட்ரிக் யூவிங், ஆலன் ஹூஸ்டன், லாரி ஜான்ஸன், ஜான் ஸ்டார்க்ஸ் ஆகிய நால்வர் களத்துக்குள் வந்தார்கள். அணியின் தூணான யூவிங் யாரையும் அடிக்கவில்லை, அடிக்கப் போகவுமில்லை. சற்றுத் தூரம் நடந்து உலாவினார், அவ்வளவே. வார்டையும் சேர்த்து ஐவரையும் ஒரே ஆட்டத்துக்கு விலக்கினால் நிக்ஸ் அணிக்கு வேண்டிய ஆள்கணக்குக் குறைந்துவிடுமாதலால், பெஞ்சை விட்டு வந்த நால்வரைக் குடும்பப் பெயரின் ஆங்கில முதலெழுத்து வரிசைப்படி பிரித்து, யூவிங்கும் ஹூஸ்டனும் வார்டும் ஆறாம் ஆட்டத்துக்கும், ஜான்ஸனும் ஸ்டார்க்ஸும் ஏழாம் ஆட்டத்துக்கும் விலக்கப்பட்டார்கள். பிரௌனுக்கும் இரண்டு ஆட்டத் தடை கிடைத்தது. மயாமி இரண்டிலும் வென்று, 4–3 என்று தொடரைக் கைப்பற்றிற்று.

சரியாகப் பத்தாண்டு கழித்து, 2007-இல், அதே மே 14-ஆம் தேதி, ஸான் அன்டோனியோ நகரில் அதே நாடகம் வேறு பாத்திரங்களோடு அரங்கேறியது. ஆட்டம் முடிய 18 வினாடி இருக்கையில், ஸான் அன்டோனியோவின் ராபர்ட் ஹாரி, ஃபீனிக்ஸ் அணியின் தலைமை ஆட்டக்காரர் ஸ்டீவ் நாஷை இடுப்பால் இடித்து எறிய, அவர் கணக்காளர் மேசையில் மோதி விழுந்தார். ஃபீனிக்ஸ் பெஞ்சிலிருந்து அமாரே ஸ்டோடமையரும் போரிஸ் டியாவும் எழுந்து சில அடிகள் எடுத்து வைத்தார்கள்; துணைப் பயிற்சியாளர்கள் அவர்களை மறித்துத் திருப்பினார்கள்; அவர்கள் எவரையும் தீண்டவில்லை. ஃபீனிக்ஸ் அந்த ஆட்டத்தை 104–98 என்று வென்று தொடரை 2–2 என்று சமன் செய்தது. ஆனால் ஐந்தாம் ஆட்டத்தில் இருவருக்கும் தடை, தன் சொந்த அரங்கத்திலேயே ஃபீனிக்ஸ் 88–85 என்று தோற்றது, தொடரையும் இழந்தது. ஸான் அன்டோனியோ அவ்வாண்டுச் சாம்பியன் பட்டத்தையே வென்றது. இடித்த ஹாரிக்கு 2 ஆட்டத் தடை கிடைத்தது உண்மைதான். ஆனால் அவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய மாற்று ஆட்டக்காரர், ஸ்டோடமையரோ ஃபீனிக்ஸின் நடுத்தூண்.

இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டிய செய்தி ஒன்று அந்த ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில் இருக்கிறது. ஸான் அன்டோனியோவின் பிரான்ஸிஸ்கோ எல்ஸன் பந்தைக் கூடைக்குள் திணித்துவிட்டு இறங்குகையில் ஃபீனிக்ஸின் ஜேம்ஸ் ஜோன்ஸ் மீது விழுந்து, இருவருக்குமிடையே முறைப்பு நேர்ந்தபோது, பெஞ்சிலிருந்த டிம் டங்கன் எழுந்து களத்துக்குள் சில அடிகள் நடந்தார்; புரூஸ் போவன் அவரைப் பின்னால் இழுத்தார். டங்கனுக்குத் தண்டனை இல்லை; ஏனென்றால் அங்கே 'கைகலப்பு' என்று சொல்லத்தக்கது நிகழவில்லை என்று சங்கம் முடிவு செய்தது. பாதத்தை மட்டுமே பார்க்கும் விதி என்று பெருமை பேசியவர்கள், கைகலப்பு எது என்று நிர்ணயிக்கும் உரிமையைத் தம் கையிலேயே வைத்திருந்தார்கள். அந்நாளில் இத்தீர்ப்புகளை அறிவித்த ஸ்டூ ஜாக்ஸன், இது நியாயத்தைப் பற்றிய விஷயமன்று, சரியாக இருப்பதைப் பற்றிய விஷயம் என்ற கருத்துப்பட விளக்கினார். தண்டனை பெற்றவர்களுக்கு அவ்விளக்கம் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

களத்தில் நிற்கும் நடுவருக்கோ இந்தத் தத்துவ விசாரணைக்கெல்லாம் நேரம் கிடையாது. சண்டை மூண்டதும் அருகிலிருக்கும் நடுவர் சண்டையிடுபவர்களைப் பிரிக்கப் புகவும், தூரத்திலிருப்பவர் அதற்கு மாறாகப் பின்வாங்கி நின்று இரண்டு பெஞ்சுகளையும் பார்த்தவண்ணம், எழுந்தவர்களின் சட்டை எண்களை மனத்தில் பதித்துக்கொள்ளவும் பழக்கப்படுத்தப்படுகிறார்கள். எல்லோருடைய கண்ணும் குத்து விழும் இடத்தில் பதிந்திருக்க, தாம் மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருப்பது எளிய காரியமன்று. ஜினீவாவில் 1932-இல் தோன்றிய சர்வதேசச் சம்மேளனமான ஃபீபாவின் விதிப்படி, சண்டையின்போது பெஞ்சுப் பகுதியை விட்டு வந்தவர் எவராயினும் நடுவரால் அங்கேயே தகுதி நீக்கம் செய்யப்பட வேண்டும். தலைமைப் பயிற்சியாளரும் முதல் துணைப் பயிற்சியாளரும் மாத்திரம், அமைதியை நிலைநாட்ட நடுவருக்கு உதவும் பொருட்டு உள்ளே வரலாம். என்.பி.ஏ.யில் மறுநாள் அலுவலகத்தில் ஒளிப்பதிவைப் பார்த்து அடுத்த ஆட்டத்துக்குத் தடை விதிக்கப்படும்; ஃபீபாவிலும் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களிலும் அன்றைய ஆட்டத்திலேயே கணக்குத் தீர்க்கப்படும். பயிற்சியாளருக்கு அளித்த விலக்குரிமையும் சில சமயம் விசித்திரமாக முடிவதுண்டு. 1998-இல் மயாமிக்கும் நிக்ஸுக்கும் நேர்ந்த இன்னொரு சண்டையில், குள்ளமான நிக்ஸ் பயிற்சியாளர் ஜெஃப் வான் கண்டி, ஏழடியை எட்டும் அலான்ஸோ மோர்னிங்கின் காலைக் கட்டிக்கொண்டு தரையில் இழுபட்ட காட்சியைக் கண்டவர் மறக்க மாட்டார்.

அன்றைக்கே கணக்குத் தீர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017 நவம்பர் 25-ஆம் தேதி புரூக்ளினில் நடந்ததைப் பார்க்கலாம். அலபாமா, மின்னிஸோட்டா என்ற பல்கலைக்கழக அணிகளின் ஆட்டத்தில் இரண்டாம் பாதியில் சிறு உரசல் ஒன்று எழ, அலபாமாவின் பெஞ்சு முழுவதுமே எழுந்து களத்துக்குள் வந்துவிட்டது. நடுவர்கள் ஒளிப்பதிவைப் பார்த்து, வந்தவர் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஐவர் மட்டுமே எஞ்சினார்கள். சிறிது நேரத்தில் ஒருவர் ஐந்து ஃபௌல் ஆகி வெளியேற நால்வராயினர். அடுத்து ஒருவருக்குக் கணுக்காலில் அடிபட மூவராயினர். கடைசிப் பத்து நிமிஷத்துக்கும் மேலாக, ஐவரை எதிர்த்து மூவர் ஆடினார்கள். காலின் செக்ஸ்டன் என்ற இளைஞர் 40 புள்ளிகள் குவித்தார். மூவராக நின்ற அந்நேரத்தில் மாத்திரம் அலபாமா 30 புள்ளிகளும் மின்னிஸோட்டா 22 புள்ளிகளும் எடுத்தன. முடிவில் 89–84 என்று மின்னிஸோட்டா வென்றதெனினும், அன்றைய புகழ் யாருக்குப் போயிற்று என்பதில் சந்தேகமில்லை.

2018 ஜூலை 2-ஆம் தேதி பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்ததற்கு அத்தகைய புகழ் ஏதும் கிடையாது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியா 79–48 என்று முன்னணியில் இருக்கையில் மூண்ட சண்டையில், பெஞ்சிலிருந்தவர்களும் மற்றவர்களும் களத்தில் வெள்ளமாகப் பாய்ந்தார்கள், நாற்காலி பறந்தது. பிலிப்பைன்ஸ் அணியில் 9 பேரும் ஆஸ்திரேலிய அணியில் 4 பேரும் வெளியேற்றப்பட, உள்ளூர் அணியில் மூவரே மிஞ்சினார்கள். நடுவர்கள் முடிவெடுக்கும் வரை காத்திருந்த இடைவேளையில் பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர்கள் சிரித்தபடி செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பின்னர் அம்மூவரில் இருவர் வேண்டுமென்றே ஃபௌல் செய்து வெளியேற, ஓர் அணிக்குக் குறைந்தது இரண்டு பேராவது வேண்டும் என்ற விதிப்படி ஆட்டம் 89–53 என்ற கணக்கில் மூன்றாம் கால்பகுதியிலேயே நின்றுபோயிற்று. பிலிப்பைன்ஸ் சம்மேளனத்துக்கு 2,50,000 சுவிஸ் பிராங்கு அபராதம் விழுந்தது.

சண்டை இல்லாத நேரத்திலும் பெஞ்சு களத்துக்குள் கசிவதுண்டு. இதில் ஜேஸன் கிட் என்பவருடைய சரித்திரம் ரசமானது. 2010 பிப்ரவரியில் டல்லஸ் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தபோது, அட்லாண்டாவின் பயிற்சியாளர் மைக் வுட்ஸன் கோட்டைத் தாண்டிக் களத்துக்குள் நிற்பதைக் கண்டு, பந்தைத் தட்டிக்கொண்டே வேண்டுமென்று அவர்மேல் போய் மோதி, ஒரு டெக்னிகல் ஃபௌலைச் சம்பாதித்துக் கொடுத்தவர் இவர். 2013-இல் புரூக்ளினின் பயிற்சியாளராகி, டைம் அவுட்டுகள் தீர்ந்துபோன நிலையில், தம் ஆட்டக்காரர் ஒருவரைத் தம்மீது இடிக்கச் சொல்லிக் கையிலிருந்த பானத்தைக் களத்தில் சிந்தவைத்து, தரையைத் துடைக்கும் நேரத்தை டைம் அவுட்டாகப் பயன்படுத்தி 50,000 டாலர் அபராதம் கட்டியவரும் இவரே. 2022-இல் இவர் பயிற்றுவித்த டல்லஸ் அணி, தன் பெஞ்சிலிருந்தவர்கள் ஆட்டம் நடக்கும்போதே எழுந்து நின்று களத்துக்குள் காலை நீட்டிக்கொண்டிருந்ததற்காக, ஒரே பருவத்து இறுதிச் சுற்றுகளில் மூன்று தடவையாக 1,75,000 டாலர் அபராதம் செலுத்திற்று. கோட்டுக்கு இருபுறமும் இருந்து பார்த்தவருக்கே கோடு புலப்படவில்லை.

பாதத்தைப் பார்க்கும் நியாயம் தேவையானதே என்பதில் எனக்கு ஐயமில்லை. இருபது பேர் ஒரே நேரத்தில் ஓடிவருகையில், இவன் சமாதானத் தூதன், இவன் சண்டைக்காரன் என்று பிரித்தறியத்தக்க ஞானதிருஷ்டி மூன்று நடுவர்களுக்கும் இல்லை. விலக்க வந்தவனின் நெருக்கமே அடிக்க வந்தவனுக்குத் திரையாகிவிடுவதை ஃபீனிக்ஸிலும் பிலிப்பைன்ஸிலும் கண்டோம். ஆனால் தண்டனையை அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுபோவது எனக்கு உடன்பாடன்று. அன்று எழுந்தவனை அன்றே வெளியேற்றினால் போதும். அதனால் லாபமடைவது அன்று எதிரே நிற்கும் அணி மட்டுமாகவே இருக்கும். அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுபோகும்போதோ, 2007-இல் நேர்ந்தது போல், இடித்தவனுடைய அணிக்கே இடிபட்டவனுடைய அணியின் தூண் காணிக்கையாகப் போய்விடுகிறது. 18 வினாடியே இருக்கும்போது வெளியேற்றுவதில் பயமென்ன இருக்கும் என்று கேட்பார்கள். அந்த ஆட்சேபத்துக்கு அபராதத் தொகையை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்திக்கொள்ளட்டும் என்பதே என் பதில். எழுந்தவன் வைத்த நாலு அடிக்கு அவனுடைய சம்பளம் ஈடாகலாம்; ஒரு நகரத்தின் ஓராண்டு நம்பிக்கை ஈடாகக் கூடாது.

விதியோ அசையவில்லை. 2022 டிசம்பர் 28-ஆம் தேதி டெட்ராய்டில், பந்தைத் துரத்திச் சென்ற கில்லியன் ஹேய்ஸை ஆர்லாண்டோவின் மோரிட்ஸ் வாக்னர் டெட்ராய்டு பெஞ்சின் மீது இடித்துத் தள்ள, ஹேய்ஸ் திரும்பி வந்து அவரைப் பின்னாலிருந்து அடித்தார். வாக்னர் பெஞ்சின் நாற்காலிகளின்மேல் சாய்ந்தார். ஹேய்ஸுக்கு 3 ஆட்டத் தடை, வாக்னருக்கு 2. தங்கள் பெஞ்சை விட்டு ஓடிவந்த ஆர்லாண்டோ ஆட்டக்காரர் 8 பேருக்கும் தலைக்கு ஓர் ஆட்டம். ஆள்கணக்குக் குறையாதிருக்க, 1997-இல் போலவே அதை இரண்டு ஆட்டங்களுக்காகப் பிரித்தார்கள். அந்த 8 பேரில் ஒருவர் ஃபிரான்ஸ் வாக்னர், அடிபட்டுச் சாய்ந்தவரின் உடன்பிறந்த தம்பி. அவருக்கும் மற்ற எழுவருக்கு விதித்த அதே ஓர் ஆட்டமே விதிக்கப்பட்டது.